பேசுவதற்காக வண்டியை நிறுத்திய லெட்சுமிக்கு

என் செல்லத் தங்கச்சி லெட்சுமி,

நீ இருக்கும் இடத்தில் மழை உண்டா? இங்கே செனாயில் கொஞ்ச நாளாகச் சாயங்காலம் ஆனால் பிடித்துக்கொள்கிறது. விமானம் இறங்குகிற சத்தம்கூட மழைக்குள்ளே எங்கோ தூரத்தில் யாரோ பாய் சுருட்டுவதுபோல் கேட்கிறது. இந்த நேரத்தில்தான் நீ அதிகம் வருகிறாய். தூக்கத்தில் வருகிறாயா, விழித்திருக்கும்போதே வருகிறாயா என்று எனக்கே தெரிவதில்லை. கதவருகே வந்து நிற்கிறாய். கழுத்தில் அந்த மாம்பழ மஞ்சள் துணி. நீ ஒன்றும் பேசுவதில்லை, நானும் ஒன்றும் கேட்பதில்லை.

இன்று உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் நம் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாதே.

தொழிற்சாலை உணவகமான கந்தினில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள் நான். என் குரல் கடைசி மேசைவரை போகும். "மீன் கறி முடிஞ்சிருச்சு, கோழி இருக்கு!" என்று நான் கத்தினால் வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். அந்தக் குரல்தான் முதலில் கரகரத்தது. கத்திக் கத்தித்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மூச்சு வாங்கியது. பரிசோதனை எல்லாம் முடிந்தபின் டாக்டர் சொன்னார், குரல்வளையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஓர் ஓட்டை இருக்கும், இனி அதன் வழியாகத்தான் மூச்சு. என் குரல் எனக்குத் திரும்ப வராது.

நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஊமையாகக் கிடப்பதற்கு இப்படியே போய்விடலாம் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் எங்கோ மூலிகை வைத்தியம் செய்கிறவரை விசாரித்து வைத்திருந்தார். அப்போது வார்டில் இருந்த தாதி என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இதே ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவங்க ஒருத்தவங்க இருக்காங்க. புதுசா வர்றவங்கள வந்து பாப்பாங்க. சும்மா பேசிப் பாருங்களேன்" என்றார். குரல் இல்லாதவள் வந்து என்ன பேசிவிடப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

மறுநாள் நீ வந்தாய். சீன முகம், நெற்றியில் பொட்டு, பூப்போட்ட சுடிதார், அதே பூவில் கழுத்துத் துணி. நீ கட்டில் மாறி வந்துவிட்டாய் என்று நினைத்து மலாய்மொழியில் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். நீ கைப்பையிலிருந்து சின்ன டார்ச் விளக்குபோல் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அழுத்தினாய்.

"அக்கா, நான் தமிழச்சிதான் லா."

தகர டின்னுக்குள்ளே வண்டு பேசுவதுபோல் இருந்தது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது, லெட்சுமி. அதுதான் ஆச்சரியம்.

பிறந்த கையோடு ஒரு சீனக் குடும்பம் உன்னைக் கூலாய் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது என்று அன்றைக்கே சொன்னாய். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். "முகம் மட்டும்தான் அவங்க குடுத்தது. நாக்கு எங்க அம்மா குடுத்தது" என்றாய். இப்போது பெர்மாஸ் ஜெயாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுவதாகவும் சொன்னாய்.

நான் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். வலிக்குமா?

"வலிக்கும்."

என் குரல் திரும்பி வருமா?

"அந்தக் குரல் வராது க்கா. வேற ஒண்ணு வரும். அத உங்களுக்கு முதல்ல புடிக்காது."

அதுவரை எல்லாரும் என்னிடம் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ ஒருத்திதான் ஆகும் என்று சொன்னாய். அந்த நிமிடம்தான் உன்னை நம்ப ஆரம்பித்தேன்.

"செஞ்சுக்கங்கன்னு சொல்ல நான் வரல. செஞ்சா எப்படி இருப்பீங்கன்னு காட்டத்தான் வந்தேன். பாத்துக்கங்க" என்று கழுத்துத் துணியை அவிழ்த்தாய். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்த்தேன். எவ்வளவோ பயங்கரமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். "தொப்புள் மாதிரி இருக்கு" என்று வாயில் வந்துவிட்டது. நீ சிரித்தாய். சத்தமே இல்லாத சிரிப்பு. தோள்கள் குலுங்கின, கழுத்திலிருந்து புஸ் புஸ் என்று காற்று வந்தது. நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் மறுபடி வந்தாய். "இன்னிக்கு வீட்டுக்காரர்கிட்ட நல்லா பேசிருங்க க்கா. சண்டை போட்டாலும் பரவால்ல" என்றாய். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து என்னென்னவோ சொல்ல நினைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. கடைசியில் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் வர்ற வரைக்கும் ஈரத் துண்ட மெத்தை மேல போடாதீங்க." என் சொந்தக் குரலில் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். இதை உன்னிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு ஒரு நீண்ட பஞ்சுக்காலம். வீடு முழுவதும் பஞ்சை அடைத்து வைத்ததுபோல் இருந்தது. எழுதிக் காட்ட ஒரு சின்னப் பலகை கொடுத்தார்கள், பேசும் மிஷினும் கொடுத்தார்கள். மிஷினைக் கன்னத்தில் வைத்து முதல்முதலாக "என்னங்க" என்றேன். அது ஓர் ஆணின் குரலாக இருந்தது. ஆண்கூட இல்லை, ஏதோ ஒன்று. தொலைபேசியில் என் நாத்தனாரிடம் பேசினேன். யாரோ விளையாடுகிறார்கள் என்று அவள் வைத்துவிட்டாள். மிஷினைத் தலையணைக்குக் கீழே போட்டேன்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று எனக்குக் காத்திருந்தது. மூக்கு வழியாக மூச்சு போகாததால் வாசனையும் போய்விட்டது. கறிவேப்பிலை தாளிக்கிறேன், கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது, வேறு ஒன்றும் இல்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போனபோது வாசனையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். நான் செய்யவில்லை. சமைக்கிறவளுக்கு மூக்கும் இல்லை, கூப்பிட வாயும் இல்லை, கடை எதற்கு? கந்தினுக்கு இனி வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் ஒருநாள் வாசலில் ஹாரன் சத்தம். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து அவ்வளவு தூரம் வேனை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாய். கதவைத் திறந்துவிட்டு "ஏறுங்க" என்று கையைக் காட்டினாய். எங்கே என்று கேட்க எனக்குச் சோம்பலாக இருந்தது. ஏறினேன்.

வண்டி ஓடும்போது நீ பேச மாட்டாய். பேச வேண்டுமானால் ஒரு கை மிஷினுக்குப் போய்விடும். "புள்ளைங்கள ஏத்தற வண்டி க்கா. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும்" என்பாய். ஏதாவது சொல்லத் தோன்றினால் ஓரமாக நிறுத்துவாய், சொல்வாய், மறுபடி எடுப்பாய். சில நாள் ஒரே ஒரு வார்த்தைக்காக நிறுத்துவாய். ஒருமுறை நெடுஞ்சாலை இறக்கத்தில், பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினாய். என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தேன். "அந்த மேகத்தப் பாத்தீங்களா, யானை முட்டி போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

அந்தப் பயணங்களை என்னவென்று சொல்வது? செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே போகும். வரிசைகளுக்கு நடுவில் இருக்கும் இருட்டு கதவு திறந்து மூடுவதுபோல் திறந்து மூடும். பின்னால் காலி இருக்கைகளில் எந்தப் பிள்ளையோ விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல் உருண்டுகொண்டே இருக்கும். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்காத இடம் அது. நான் பேச முடியாதவள் என்பதே மறந்துபோகும், ஏனென்றால் அங்கே யாருமே பேசவில்லை. வீட்டில் இருந்த மௌனமும் வேனில் இருந்த மௌனமும் வேறு வேறு.

ஒருநாள் மழைக்கு மரத்தடியில் வண்டி நின்றிருந்தபோது உன்னிடம் பலகையில் எழுதிக் கேட்டேன், கனவில் உனக்கு எந்தக் குரல் என்று. எனக்குக் கனவில் பழைய குரல்தான். விழித்ததும் தினமும் புதிதாகப் பறிபோகும்.

நீ கண்ணாடியில் வழியும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "எனக்கும் மொதல்ல அப்படித்தான். அப்புறம் கனவுலயும் மிஷினத் தேட ஆரம்பிச்சேன். ஒரு தடவ கனவுல மிஷின மறந்துட்டு கோயிலுக்குப் போயிட்டேன். அலமாக்! கூட்டம்னா கூட்டம். வாய மட்டும் அசைச்சேன். எல்லாருக்கும் புரிஞ்சுது க்கா. எல்லாரும் பதில் சொன்னாங்க." அன்று முழுக்க உன் கனவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

கெலாங் பாத்தாவுக்கு அப்பால் அந்த மீன்பிடிப் படகுத்துறைக்குப் போனது எப்போது? நினைவில்லை. தண்ணீர் வற்றியிருந்த நேரம். சேறு வெயிலில் வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர்ப் பாலம் தூரத்தில் காற்றில் கரைந்து நின்றது. பலகைமேல் உட்காரவைத்து, "வாசனைக்கு அந்தக் கொட்டாவிப் பயிற்சி செய்யறீங்களா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன்.

"நானும் செய்யல, ரொம்ப நாளு. தனியா செஞ்சா பைத்தியம் மாதிரி இருக்கும். வாங்க, ரெண்டு பேரா செய்வோம். வாய மூடிக்கங்க. பெரிய மனுஷங்க முன்னாடி கொட்டாவி வந்தா அடக்குவோம்ல, அப்படி தாடைய மட்டும் கீழ எறக்குங்க."

வயதான இரண்டு பெண்கள் படகுத்துறையில் உட்கார்ந்து மூடிய வாயோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி செய்தேன், வரவில்லை. நீ விடவில்லை. பிறகு எப்போது என்று தெரியாமல், மெல்ல, யாரோ தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் வந்தது. சேறு. உப்பு. காய்கிற கருவாடு. படகு எண்ணெய்.

மிஷினைப் பிடுங்காத குறையாக உன் கையிலிருந்து வாங்கி என் கன்னத்தில் வைத்தேன். "நாறுது!" என்றேன்.

வீட்டுக்கு வெளியே அந்தக் குரலில் நான் பேசிய முதல் வார்த்தை அது. நீ கைதட்டினாய். தமிழ் தெரியாத அந்த மலாய்க்கார மீனவரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். நான் அழுதுகொண்டே நாறுது, நாறுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு கடையைத் திறந்தேன். இப்போது கோழி இருக்கு என்று மிஷினில் சொன்னால் தொழிற்சாலைப் பையன்கள் ரோபோ அக்கா என்கிறார்கள். சொல்லட்டும்.

உனக்கு நோய் மறுபடி வந்ததையும் வண்டியை நிறுத்தித்தான் சொன்னாய். இருமல் என்றாய், தூசி என்றாய், கொஞ்ச நாளாகவே களைத்திருந்தாய். அன்று என் வீட்டுச் சந்துக்கு முன்னாலேயே ஓரம் கட்டினாய். "அக்கா, திரும்ப வந்துருச்சு. நெஞ்சுல. இந்தத் தடவ எடுக்க முடியாதாம்." மிஷினைப் பையில் போட்டாய். வண்டியை எடுத்தாய். உன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. என் கை சும்மாதான் இருந்தது, மிஷினும் இருந்தது. எனக்குத்தான் சொல்ல ஒன்றும் இல்லை.

வயதில் நான் மூத்தவள், நோயில் நீ மூத்தவள். உனக்கு முன்னால் அந்த வழியில் நடந்தவளாக நான் எப்படி வந்து நிற்பது? ஒருநாள் நீயே சொன்னாய்: "முன்னாடி போனவங்க யாராச்சும் வந்து, இப்படித்தான் இருக்கும்னு சொன்னா நல்லாருக்கும் க்கா. ஆனா அங்க போனவங்க யாரும் வார்டுக்கு வர்றதில்லையே." நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "பக்கத்துல உக்காருங்க. போதும் லா."

உன்னால் ஓட்ட முடியாமல் போனபிறகு நான் உன் வேனை ஓட்டினேன். அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தோம். உன் கை இப்போது சும்மா இருந்தது! இத்தனை வருடம் ஓட்டும்போது பேசாமல் அடக்கி வைத்ததையெல்லாம் பேச ஆரம்பித்தாய். அடேயப்பா, எவ்வளவு பேச்சு. பெற்றவளை ஒரே ஒருமுறை கூலாய்ச் சந்தையில் தூரத்திலிருந்து பார்த்தது, அவள் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தது, போய்ப் பேசாமல் திரும்பியது. மகள் கவிதாவைக் கருவுற்றபோது மாங்காய்க்குப் பதில் சோயா சாஸ் கேட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போவேன். பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துவேன். "நிறுத்தாதீங்க க்கா, போய்க்கிட்டே இருங்க" என்பாய்.

கடைசி நாட்களில் மிஷினைப் பிடிக்க உன் கையில் பலம் இல்லை. உன் வீட்டுக் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதை உன் கன்னத்தில் பிடித்துக்கொள்வேன், நீ வாயை அசைப்பாய். அந்தக் கடைசி நாளில் மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. கவிதா சிங்கப்பூர் வேலையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். "மழை வருது. பாலத்துல ஜாம் இருக்கும். மெதுவா வரச் சொல்லுங்க" என்றாய். தகவல் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உதட்டை அசைத்தாய். மிஷினை வைத்தேன்.

"பயமா இருக்கு க்கா."

தேத்தண்ணீர் வேண்டும் என்று சொல்லும் அதே குரலில்தான் மிஷின் அதைச் சொன்னது. அதற்குப் பயம் தெரியாது. ஆனால் உன் கன்னம் நடுங்கியது. அது என் விரலுக்குத் தெரிந்தது. "நான் இருக்கேன்" என்று சொல்ல மிஷின் வேண்டும், அதை உன் கன்னத்திலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கவிதா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். அவள் முகத்தை நீ நன்றாகப் பார்த்தாய். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டாய்.

பிறகு நான் வார்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். உன்னோடு சேர்ந்து இரண்டு மூன்று பேரைப் பார்க்கப் போயிருந்தேன் அல்லவா? இனி வேண்டாம் என்று தாதியிடம் சொன்னேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பயம். உங்களைப் பார்க்க யார் வந்தார்கள் என்று கேட்பார்கள். அவர்கள் இப்போது எங்கே என்று கேட்பார்கள். உயிரோடு இருப்பதற்காக இதைச் செய்யப்போகிறவளிடம் நான் என்ன சொல்வேன்?

தாதி விடவில்லை. போன வாரம் கூப்பிட்டார். சுமதி என்று ஒருத்தி, பாலர் பள்ளி ஆசிரியை, என்னைவிட மிகவும் இளையவள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று பையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கழுத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தே பேசினாள். வலிக்குமா என்றாள், வலிக்கும் என்றேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றாள். பாட முடியாது, சொல்லிக்கொடுக்கலாம் என்றேன். பிறகு, நான் பயந்தபடியே கேட்டாள்.

"உங்கள யாரு வந்து பாத்தாங்க?"

"லெட்சுமின்னு ஒரு தங்கச்சி."

"அவங்க இப்ப எங்க?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பெர்மாஸ் ஜெயாவில் வேன் ஓட்டுகிறாள் என்று சொன்னால் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? மிஷினைக் கன்னத்தில் வைத்தேன். "இறந்துட்டா" என்றேன். அந்த வார்த்தைக்கும் மிஷின் குரலைத் தாழ்த்தவில்லை.

சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்புறம் என்ன பிரயோஜனம்?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப வருஷம் இருந்தாம்மா. மகள வளத்தா. ஊர்ப் புள்ளைங்களயெல்லாம் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டா. என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனா."

அவள் கட்டிவைத்திருந்த பையைப் பார்த்தாள். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், லெட்சுமி. கிளம்பலாம் என்று கைப்பையை எடுத்தேன். அப்போது மெல்லக் கேட்டாள்.

"சாகறப்ப பயந்தாங்களா?"

"பயந்தா."

"யாராச்சும் இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்."

அவள் முதல்முறையாக என் கழுத்தைப் பார்த்தாள். துணியை அவிழ்க்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் வர்றீங்களா? என் வீட்டுக்காரர் வருவாரு. அவரும் நீங்க பேசறதக் கேக்கட்டும்" என்றாள்.

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நேற்று அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இதுதான் உனக்குச் சொல்ல வந்த செய்தி. உள்ளே போகும் முன்னால் என்ன பேசினாள் என்று தெரியவில்லை. கணவனோடு கதவைச் சாத்திக்கொண்டாள், நான் வெளியே நடைவழியில் நின்றேன். இருவரும் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இன்றைக்குக் கண் விழித்திருப்பாள். தொண்டை எரியும். யாரைப் பார்த்தாலும் கோபம் வரும், என்னைப் பார்த்தால் அதிகமாக வரும். மழை விட்டதும் புறப்படுகிறேன். அவள் என்னை வெளியே போ என்று எழுதிக் காட்டினாலும் போக மாட்டேன், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வேன். நீ எங்கே என்று யார் கேட்டாலும் உன்னை மறைக்க மாட்டேன், தங்கச்சி. எவ்வளவு நன்றாக இருந்தாய் என்று சொல்வேன். இறந்துவிட்டாய் என்பதையும் சொல்வேன். அதைக் கேட்டபிறகு அவர்கள் தனியாக இருக்காதபடி, அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

என்றென்றும் உன் கூடப்பிறக்காத அக்கா,
பார்வதி
செனாய்